முரண்நகை படித்த உங்கள் தங்கை

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் அறிய ஆவல். இங்கே நானும் நலம் என்று எழுதலாம் என்று மூன்று தடவை பேனாவை வைத்தேன். பேனா நகரமாட்டேன் என்கிறது. உங்கள் தங்கை மட்டும் நலம். கல்யாணமான நாளிலிருந்து அவளை இவ்வளவு நலமாக நான் பார்த்ததே இல்லை. இந்தக் கடிதத்தின் விஷயமே அதுதான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் நீங்கள் தொலைபேசியில் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "மாப்பிள்ளை, பொண்ணைக் கட்டிக்கொடுத்தாச்சு, அவ தனியா உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கா, எங்கயாவது ஒரு வகுப்புல சேத்து விடுங்க, மனசுக்கு நல்லா இருக்கும்" என்றீர்கள். நல்ல யோசனையாகத்தான் பட்டது. தையல் வகுப்பில் சேருவாள், கம்ப்யூட்டர் வகுப்பில் சேருவாள் என்று நினைத்தேன். இவள் போய் இலக்கிய வகுப்பில் சேர்ந்தாள். நகர நூலகத்தின் மாடியில், செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்து மணிக்கு. கல்லூரியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா வாத்தியார், மாணவிகள் பதினான்கு பேர். எல்லோரும் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தவர்கள். பதினான்கு வீடுகளில் பதினான்கு புருஷர்கள் ஒரு கேடும் அறியாமல் சாயங்காலம் நாங்களே அரிசி களைந்துகொண்டிருந்தோம் மச்சான்.

முதல் இரண்டு மாதம் கவிதை. அதனால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மூன்றாவது மாதம் ஒரு நாள் வந்து, "இனிமே கோதிக் கதைங்க" என்றாள். தலையைக் கோதிக்கொண்டே படிக்கிற சுகமான கதை போலிருக்கிறது என்று நினைத்து, "நல்லது, படி" என்றேன். அது அப்படி இல்லையாம். இருட்டு மாளிகை, ஈரச் சுவர், மனசுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்றாக நடக்கிற ஆட்கள், இதெல்லாம் இருந்தால் அதற்குக் கோதிக் கதை என்று பெயராம். இதில் மூன்று விஷயங்களை ஆராய்ந்து கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். ஒன்று உணர்வுச்சூழல், இன்னொன்று முரண்நகை, மூன்றாவது பழிவாங்கல். நகை என்றதும் எனக்குப் பகீரென்றது. "இப்ப இருக்கிற நிலைமையில நகையெல்லாம் யோசிக்கவே முடியாது" என்று சொல்லிவிட்டேன். "இதுதாங்க முரண்நகை" என்று சொல்லிவிட்டு உங்கள் தங்கை உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்போது தேவைக்கு அதிகமாகவே விளங்குகிறது.

அந்தக் கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் நிலைமை உங்களுக்குப் புரியாது. ஒரு மலையோரத்தில் ஒரு மாளிகை, அதில் ஒரு பிரபு, அவருக்கு ஒரு தோட்டக்காரன். தோட்டக்காரனிடம் ஒரு வயலின் இருக்கிறது, அவன் அப்பா கொடுத்தது. பிரபுவுக்குப் பகல் தூக்கம் கெடுகிறது என்று அதை வாங்கிக் கணப்பு அடுப்பில் போட்டு எரித்துவிடுகிறார். தோட்டக்காரன் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போய் மாளிகையைச் சுற்றி வேலிச்செடி நடுகிறான். வருடா வருடம் செடி வளர்கிறது. பிரபுவுக்கு ஒரே சந்தோஷம். "இன்னும் அடர்த்தியா வை, வெயில் படக்கூடாது" என்று அவரே சொல்கிறார். தோட்டக்காரன் தினமும் வந்து, "நிழல் போதுமா ஐயா?" என்று கேட்கிறான். இப்படியே இருபது வருடம். கதையில் பக்கத்துக்குப் பக்கம் வெளிச்சம் குறைந்துகொண்டே வருகிறது, அதுதான் உணர்வுச்சூழல். தன் சிறையைத் தானே கேட்டு வாங்குகிறாரே பிரபு, அது முரண்நகை. கடைசியில் பிரபு வெளியே போக வழி தேடி முள்ளுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறார், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மரியாதையான குரலில், "நிழல் போதுமா ஐயா?" என்று கேட்கிறது. அது மூன்றில் எதுவென்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் தங்கை இதை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். நான் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "பாவம் அந்தப் பிரபு. இருபது வருஷம் ஒருத்தனுக்கு வேலை கொடுத்திருக்காரு. ஒரு வயலினுக்காக இவ்வளவா?" என்று அபிப்பிராயம் சொன்னேன். "நீங்க அப்படித்தான் சொல்வீங்கன்னு தெரியும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இனிமேல்தான் விபரீதம். மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கடைக்குப் போயிருந்தாள். மின்சாரக் கட்டண ரசீதைத் தேடி சாப்பாட்டு மேசையில் இருந்த அவளுடைய பச்சைக் கோப்பைத் திறந்தேன். உள்ளே கணினியில் அடித்த நான்கு பக்கக் கட்டுரை. பெயர் இல்லை, மேலே பதினொன்று என்று எண் மட்டும். "ஒரு கோதிக் கதையில் உணர்வுச்சூழல், முரண்நகை, பழிவாங்கல்" என்று தலைப்பு. நம் வீட்டு அம்மாள் என்னதான் எழுதியிருக்கிறாள் பார்ப்போமே என்று பெருமையோடு படிக்க ஆரம்பித்தேன். மூன்று பக்கம் நன்றாகத்தான் போனது. கடைசிப் பத்தியை இங்கே அப்படியே எழுதுகிறேன், எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது: "இது மாளிகையில் மட்டும் நடப்பது அல்ல. எனக்கு வந்த ஒரு தாளை என் கணவர் இருபது வருடங்களுக்கு முன் மறைத்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அன்றிலிருந்து தினமும் காலையில் அவருக்குத் தேநீர் கொடுத்து, சர்க்கரை போதுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

மச்சான், நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை, நாற்காலி என்னைப் பிடித்துக்கொண்டது. எந்தத் தாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். இவளுக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னது? எத்தனை வருடமாகத் தெரியும்? அவள் கடையிலிருந்து வந்தாள், பையை வைத்தாள், என் முகத்தைப் பார்த்து, "என்னங்க, வேர்த்திருக்கு, தேநீர் போடட்டுமா?" என்றாள்.

அன்றிலிருந்து நான் மனிதனாக இல்லை. அவள் பேசும் ஒவ்வொரு வார்த்தையிலும் உணர்வுச்சூழல், முரண்நகை, பழிவாங்கல் மூன்றையும் தேடுவதே எனக்கு வேலையாகப் போயிற்று. தேநீர் ஒரு நாள் கசந்தது, மறுநாள் இனித்தது. கசந்தால் என்ன அர்த்தம், இனித்தால் என்ன அர்த்தம் என்று அலுவலகம் போகிற வழியெல்லாம் யோசனை. சட்டையில் அறுந்த பொத்தானை நான் சொல்லாமலே தைத்து வைத்திருந்தாள். கழுத்துப் பொத்தான், கொஞ்சம் இறுக்கமாக. ஒரு சாயங்காலம் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, "வெளிச்சம் போதுமாங்க?" என்று கேட்டாள். நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து, "சார், பாம்பு கீம்பு ஏதாவதா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இதற்கு நடுவில் பால்கனியில் கொடி. போன கோடையில் உங்கள் தங்கை நான்கு தொட்டியில் ஏதோ கொடி வைத்தாள். நன்றாக வளர்ந்து, கம்பியைப் பிடித்து ஏறி, படுக்கையறை ஜன்னலில் பாதியை மூடியிருக்கிறது. அதுவரை அதை நான் கவனித்ததுகூட இல்லை. இப்போது காலையில் கண் விழித்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான். நேற்றைக்கு இவ்வளவு இல்லையே என்று தோன்றும். பொறுத்துப் பார்த்து, ஒரு நாள் விடிந்ததும் துணி வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு போய் நான்கையும் அடியோடு வெட்டிவிட்டேன். வெட்டியது அத்தனையும் கீழ்வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த வெள்ளை வேட்டிகள் மேல் விழுந்து, பச்சைக் கறை. அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், குரல் தெரு முழுக்கக் கேட்கும். "சார், அந்தக் கொடி உங்களை என்ன சார் பண்ணுச்சு?" என்று கத்தினார். உங்கள் தங்கை வெளியே வந்து பார்த்தாள். கோபப்படவில்லை. "பரவாயில்லைங்க, மறுபடியும் வளரும்" என்றாள். மச்சான், கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

வேலை இடத்திலும் மானம் போயிற்று. இருபத்தாறு வருடமாக ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருக்கிறேன், பதினைந்து வருடமாக மேற்பார்வை. ஒரு நாளைக்கு அறுநூறு படுக்கை விரிப்பு வருகிறது, எந்த வார்டுத் துணி எது என்று முத்திரையைப் பார்க்காமலே சொல்வேன். அப்படிப்பட்ட நான் பிரசவ வார்டின் சிவப்புக் கம்பளி ஒன்றைக் கவனிக்காமல் டாக்டர்களுடைய கோட்டுகளோடு சேர்த்துக் கொதிக்க விட்டுவிட்டேன். நாற்பத்து மூன்று கோட்டு. தலைமை நர்ஸ் ஒரு கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார். "இது என்ன நிறம்னு நீங்களே சொல்லுங்க" என்றார். "இளஞ்சிவப்பு" என்றேன். "பெரிய டாக்டர் இதே மாதிரி ஒண்ணைப் போட்டுக்கிட்டுதான் இப்ப வார்டு வார்டாப் போயிட்டு இருக்காரு. குழந்தைங்க வார்டுல கை தட்டுறாங்க. உங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்றார். என்ன ஆச்சு என்று நான் எப்படிச் சொல்வேன்?

சொல்லாமலும் இருக்க முடியவில்லை. எங்கள் கொதிகலன்காரரிடம் சொன்னேன். கூட வேலை பார்ப்பவர்களில் வாயை மூடிக்கொண்டிருக்கிறவர் அவர் ஒருவர்தான். அவர் இருக்கிற இடத்தில் இரைச்சல் அதிகம், பேசினாலும் யாருக்கும் கேட்காது. நான் காதோடு காதாகக் கத்தினேன். அவர் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். "சார், தெரிஞ்சும் ஒரு அம்மா கேக்காம இருந்தா ரெண்டே காரணம்தான். ஒண்ணு மன்னிச்சிருக்கணும், இல்ல நேரம் பாத்துக்கிட்டு இருக்கணும்" என்றார். "இதுல எது?" என்றேன். "மன்னிச்சிருந்தா எதுக்கு சார் நாலு பக்கத்துக்குக் கட்டுரை எழுதுறாங்க?" என்றார். பிறகு என் மேல் இரக்கப்பட்டு, "நீங்களே முந்திக்கிட்டு ஒத்துக்கங்க. அழுத்தம் ஏறுச்சுன்னா நாமளா வால்வைத் திறந்துடணும். அதுவாத் திறந்துச்சுன்னா கூரை மிஞ்சாது" என்றார். தொழில் தெரிந்தவர் பேச்சு. நம்பிவிட்டேன்.

போன சனிக்கிழமை காலை. அவள் சமையலறையில் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் மடங்கிச் சத்தம் போட்டதில் அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னங்க?" என்றாள். "எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு இவ்வளவு நாள் பொறுமையா இருந்த பாரு, அதுக்கு உன் காலைத் தொட்டுக் கும்பிடணும்" என்று ஆரம்பித்தேன். அவள் கையில் கத்தி நின்றது. நான் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனேன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், குழந்தைக்கு இரண்டு வயது இருக்கும்போது, நூலக உதவியாளர் வேலைக்கு நீ எழுதிய தேர்வு. தேறியவர்களுக்கு மட்டும் நேர்முகத்துக்குக் கடிதம் வரும் என்றார்கள். உனக்கு வந்தது. தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார். நான் உன்னிடம் காட்டவில்லை. சலவைக்கூடத்துக் கிடங்கில் மடித்த விரிப்புகளுக்கு நடுவில் பதினோரு நாள் வைத்திருந்தேன். நேர்முக நாள் தாண்டியதும் எடுத்துக் கொதிகலன் அடுப்பில் போட்டுவிட்டேன். இத்தனையையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, அடியோ அழுகையோ எதுவானாலும் வரட்டும் என்று காத்திருந்தேன்.

"எந்தக் கடிதம்?" என்று கேட்டாள் உங்கள் தங்கை.

எனக்குக் காது அடைத்துவிட்டது. "அதான், நீ கட்டுரையில எழுதியிருந்தியே" என்றேன். "எந்தக் கட்டுரையில?" என்றாள். "பச்சைக் கோப்புல, பதினொண்ணாம் நம்பர்." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அது என்னோடது இல்லைங்க. என் நம்பர் ஏழு. ஒருத்தர் கட்டுரையை இன்னொருத்தர் திருத்தணும்னு டீச்சர் மாத்திக் கொடுத்திருக்காங்க. பதினொண்ணு யாருன்னு எனக்கே தெரியாது" என்றாள். அதோடு விடவில்லை. "போன வாரம்தான் திருத்தி, அதுக்கு நான் பத்துக்கு ஆறுதான் போட்டேன். கடைசிப் பத்தி நம்பும்படியா இல்லை, எந்தப் புருஷனும் இப்படிச் செய்யமாட்டான்னு ஓரத்துல எழுதியிருக்கேன்" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் பீன்ஸையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு அவள் கேட்ட கேள்வியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அப்ப நான் தேறிட்டேனா?" என்று கேட்டாள். "தேறிட்ட" என்றேன். "எத்தனாவது?" "முதல் பத்துக்குள்ளன்னு போட்டிருந்துச்சு." எழுந்துவிட்டாள். சமையலறைக்குள்ளேயே இரண்டு நடை நடந்தாள். "நான் தேறிட்டேன்" என்றாள், என்னிடம் இல்லை, அலமாரியிடம். பிறகு வாசல் கதவைத் திறந்து, படியில் ஏறிக்கொண்டிருந்த கீழ்வீட்டுக்காரரின் மனைவியிடம், "உங்களுக்குத் தெரியுமா, நான் அந்தப் பரீட்சையில தேறிட்டேன்" என்றாள். அந்த அம்மாளுக்கு எந்தப் பரீட்சை என்று எப்படித் தெரியும்? "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிக் கையைப் பிடித்துக் குலுக்கினார். உங்கள் தங்கை முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள் மச்சான். இருபத்திரண்டு வருடமாக, பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, படிவம் நிரப்பும்போது, எதற்கெடுத்தாலும், "எனக்கு அவ்வளவு மூளை இல்லைங்க, நீங்க பாருங்க" என்று சொல்லுவாளே, அதை நான் அடக்கமென்று நினைத்திருந்தேன். அது நான் கொடுத்தது. அந்த வெளிச்சம் ஒரு பத்து நிமிஷம் இருந்தது. பிறகு உள்ளே வந்தாள், கதவைச் சாத்தினாள், என்னைப் பார்த்தாள். முதல் முதலாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

திட்டவில்லை. அறைக்குள் போய்த் தன்னுடைய ஏழாம் எண் கட்டுரையின் நகலை எடுத்து வந்து மேசையில் விரித்தாள். அதன் கடைசிப் பத்தியை எனக்குப் படித்துக் காட்டினாள். "பழிவாங்கலை என்னால் முழுதாகப் புரிந்துகொள்ள முடியவில்லை. ஒளிவுமறைவு இல்லாத ஒருவரோடு வாழ்ந்து பழகியதால் இருக்கலாம்" என்று எழுதியிருந்தாள். ஒளிவுமறைவு இல்லாத ஒருவர் நான்தான் மச்சான். படித்துவிட்டுப் பேனாவால் அந்தப் பத்தியின் மேல் அளவுகோல் வைத்து நேர்கோடு போட்டாள், ஒவ்வொரு வரிக்கும் ஒரு கோடு. பிறகு பதினோராம் எண் கட்டுரையை எடுத்து, ஆறை அடித்துவிட்டு ஒன்பது போட்டாள். ஓரத்தில் எழுதியிருந்ததையும் அடித்தாள். அந்தப் பதினோராம் எண் அம்மாளின் கணவர் யாரோ, எந்தத் தெருவோ. பஸ் நிறுத்தத்தில் நிற்கிற ஆண்கள் முகத்தையெல்லாம் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் இன்னும் சர்க்கரை போதும் என்று சொல்லித் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். எச்சரிக்கலாம் என்றால் ஆள் தெரியவில்லை.

இன்றைக்கு ஐந்தாவது நாள். சாப்பாடு வருகிறது, துணி மடித்து இருக்கிறது, கேட்டால் பதில் வருகிறது. ஆனால் ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை. நேற்று மட்டும் ஒன்று கேட்டாள். "ஏன் மறைச்சீங்க?" என்றாள். குழந்தை சின்னது, அதனால் என்று சொன்னேன். "அது பொய்" என்றாள். யோசித்துப் பார்த்தேன், பொய்தான். அவளுக்கு வந்தது மேசை போட்டு உட்கார்கிற வேலை. நான் அப்போது ஈர விரிப்பைத் தோளில் சுமந்து உலர்த்துகிறவன், சட்டை எந்நேரமும் நனைந்திருக்கும். அவள் காய்ந்த புடவையோடு வேலைக்குப் போய் வருவாள், நான் நனைந்து வருவேன் என்று நினைத்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. இதை அவளிடம் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டாள். "இப்பதான் நம்பும்படியா இருக்கு" என்றாள். செவ்வாயும் வெள்ளியும் அவள் ஏறிப் போகிற அந்த நூலகப் படியிலேயே இத்தனை வருடம் வேலைக்கு ஏறியிருக்க வேண்டியவள் என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கடிதம் வந்த அன்றைக்கு நீங்கள் எங்கள் வீட்டில்தான் இருந்தீர்கள். நான் முதலில் காட்டியது உங்களிடம்தான். "காட்டாதீங்க மாப்பிள்ளை. ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா வீடு வீடா இருக்காது. நாலு நாள் வருத்தப்படுவா, அப்புறம் மறந்துடுவா" என்று சொன்னவர் நீங்கள். பழியை உங்கள் மேல் தூக்கிப் போடுவதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் வாயால் சொன்னீர்கள், கை என்னுடையது. காட்ட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்திருந்தால் உங்களைக் கேட்டிருக்கவே மாட்டேன். உங்கள் பெயரை நான் உங்கள் தங்கையிடம் மூச்சுக்கூட விடவில்லை. அவளுக்கு உலகத்தில் இன்னும் ஒரு நல்லவராவது மிச்சம் இருக்கட்டும் என்றுதான்.

ஆகவே தயவுசெய்து நீங்கள் அவளுக்கு இதமாக நான்கு வரி எழுத வேண்டும். அண்ணன் சொன்னால் கேட்பாள். நடந்தது நடந்துவிட்டது, மாப்பிள்ளை திருந்திவிட்டார், பழைய மாதிரி பேசு என்று எழுதுங்கள். முடிந்தால் அந்த வகுப்பையும் நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த மாதம் துன்பியல் நாடகம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். என் உடம்பு அதைத் தாங்காது.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், எதையும் யாரிடமும் மறைக்காத புத்தியோடு நூறு வருடம் நன்றாக இருக்கட்டும். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புக்கும் கண்டனத்துக்கும் உரிய,
தங்கை கணவன்.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதற்கும் இனி பயன் இல்லை. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு உறையும் தபால்தலையும் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது உங்கள் தங்கை அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எழுத்துப்பிழை ஏழு இருக்கு, திருத்திட்டேன்" என்றாள். உங்களைப் பற்றிய பத்தியில் பிழை ஒன்றும் இல்லையாம், அதை மட்டும் இரண்டு தடவை படித்தாளாம். பிறகு எழுந்து பையில் துணி அடுக்கினாள். பத்து நாளுக்கு அடுக்குகிற அளவு இல்லை, அதைவிடப் பல மடங்கு. உங்கள் ஊர்க் கல்லூரியில் முழுநேர இலக்கியப் படிப்பு இருக்கிறதாம், மூன்று வருடம், வயது வரம்பு கிடையாதாம். விண்ணப்பப் படிவத்தை அவள் திங்கட்கிழமையே வாங்கி வைத்திருக்கிறாள். மூன்று வருடமும் உங்கள் வீட்டில் தங்கப் போகிறாளாம். "அண்ணன் மறுக்கமாட்டாரு" என்றாள், ரொம்ப மரியாதையாக. மதியம் பஸ் ஏறிவிட்டாள். இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே அவள் உங்கள் வாசலுக்கு வந்திருப்பாள். பஸ் நிறுத்தத்தில் நின்றபோது கேட்டே விட்டேன். "பழி வாங்கவா போற?" என்றேன். "இல்லைங்க, படிக்கப் போறேன்" என்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை, ஆனால் பஸ் கிளம்பியபோது திரும்பிப் பார்த்தாள். மச்சான், அவளுக்குப் படிக்க ஒரு மேசை போட்டுக்கொடுங்கள். உயரமான மேசை வேண்டாம், கொஞ்ச நேரம் எழுதினாலே அவளுக்குக் கழுத்து வலிக்கும், வலித்தாலும் சொல்லமாட்டாள்.